பால்பல் வேர் சிகிச்சை: திரிபலாவா, ஹைப்போகுளோரைட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் பல்லுக்கு ரசாயனம் வேண்டாம், மூலிகையே போதும் என்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் பெற்றோர் பலர் பல் மருத்துவமனைகளில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "கக்கூஸ் கழுவுற ஆசிட்டையா பிள்ளை பல்லுக்குள்ள விடப் போறீங்க? திரிபலா விட்டாப் போதாதா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கட்டுரை அதற்குத் தந்த பதிலில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி நடந்தால் பிள்ளைக்குத்தான் கேடு. கன்னியாகுமரி மாவட்டத்தில் குழந்தைகள் பல் மருத்துவத்தில் இருக்கிறவர்கள் என்ற முறையில் அந்த மீதியைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் அந்த 'ஆசிட்'. கழிப்பறைக்கு ஊற்றுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வேர் சிகிச்சையில், அதாவது சொத்தை நரம்புவரை போன பல்லின் உள்ளே அழுகியதை எடுத்துக் கழுவி அடைக்கும் சிகிச்சையில், விடுவது சோடியம் ஹைப்போகுளோரைட். இது அமிலம் அல்ல, காரம். ஊராட்சிக் குடிநீர்த் தொட்டியில் கலக்கும் பிளீச்சிங் பவுடர் சேர்ந்த அதே குடும்பம்தான் இதுவும். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ வேதியியலாளர் ஹென்றி டேக்கின் பயன்படுத்தியது இதன் 0.5 சதவீதக் கரைசல். 'ரசாயனம்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டினால் பேச்சு ஓடும், பல் பிழைக்காது.

பால்பல்லுக்குள் எதற்காகக் கழுவ வேண்டும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. பெரியவர்களின் கடைவாய்ப்பல்லில் வேர்க்குழாய் ஓரளவு உருண்டையாக இருக்கும். ஊசி போன்ற ஃபைல் சுற்றிச் சுரண்டும். பால் கடைவாய்ப்பல்லில் குழாய் நாடா போலத் தட்டையாக, பக்கவாட்டில் இடுக்கும் கிளையுமாகப் பிரிந்து ஓடும். ஃபைல் தொடாத இடம் நிறைய. அழுகிய நரம்புத் துணுக்கும் கிருமியும் அந்த இடுக்கில்தான் ஒட்டிக் கிடக்கும். பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறையின் (பல்லறை) தரையோ மெல்லியது. அதில் நுண்துளைகள் வேறு. பிள்ளைகளுக்குச் சீழ்க்கட்டி வேர்நுனியில் வராமல், வேர்கள் பிரியும் இடத்துக்கு நேரே ஈறில் கொப்புளமாக வருவது இதனால்தான். ஆக, பால்பல்லில் சுரண்டுவது கொஞ்சம், கழுவுவது அதிகம். எந்தத் திரவம் என்பதைவிட அந்தத் திரவம் என்ன செய்ய வேண்டும் என்பதே முதல் கேள்வி.

இரண்டு வேலை செய்ய வேண்டும். கிருமியைக் கொல்ல வேண்டும். இடுக்கில் செத்துக் கிடக்கும் சதையைக் கரைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்வது, வழக்கத்தில் இருக்கும் திரவங்களில், ஹைப்போகுளோரைட் மட்டுமே. குளோர்ஹெக்சிடின் 2 சதவீதக் கரைசல் கிருமியைக் கொல்லும், பல்லின் சுவரில் ஒட்டிக்கொண்டு சில நாள் வேலையும் செய்யும். ஆனால் சதையைக் கரைக்காது. உப்புநீர் தூசியை அடித்துப் போகும், அவ்வளவுதான். (கடையில் வாய் கொப்பளிக்க வாங்கும் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம். பத்தில் ஒரு பங்கு வீரியம். அதை வேர்க்குழாய்க்குள் விட்டுவிட்டு 'குளோர்ஹெக்சிடின் போட்டாச்சு' என்று சொல்வது கணக்குக்கு ஆகாது.)

வீரியத்தைப் பற்றிப் பெற்றோர் பயப்படுவதில் அர்த்தம் உண்டு. பெரியவர்களுக்கு 3 முதல் 5.25 சதவீதம் வரை விடுகிறார்கள். பால்பல்லுக்கு 1 சதவீதமே போதும் என்பது எங்கள் நிலை. வீரியம் குறைந்தால் சதை கரைவதும் மெதுவாகும். அதை அளவாலும் நேரத்தாலும் ஈடு செய்யலாம். ஒவ்வொரு ஃபைல் மாற்றும்போதும் குழாய்க்கு 1 முதல் 2 மி.லி., கடைசியில் ஒரு நிதானமான கழுவல், அதன்பின் உப்புநீர். 3 சதவீதப் புட்டி என்றால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர். 5 சதவீதப் புட்டி என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு, அதாவது 20 மி.லி.க்கு 80 மி.லி. நீர். அன்றன்று கலக்க வேண்டும். வெளிச்சமும் வெப்பமும் இதற்கு ஆகாது: நம் கடற்கரை ஊர்களில் மின்சாரம் போய்ப் போய் வரும் அறையில், வெள்ளைப் பிளாஸ்டிக் புட்டியில், மேசை மேல் மாதக்கணக்கில் நின்ற கரைசலில் குளோரின் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பழுப்பு நிறப் புட்டி, இறுகிய மூடி, குளிர்ந்த இடம், திறந்த தேதி எழுதிய சீட்டு, இவ்வளவும் வேண்டும். மளிகைக் கடையில் துணி வெளுக்க விற்கும் பிளீச்சைச் சில இடங்களில் ஊற்றி வைத்துப் பயன்படுத்துகிறார்கள். அதில் காரம் கூடுதலாகவும் மணப்பொருளும் இருக்கலாம், சதவீதமும் நிச்சயமில்லை. அது கூடவே கூடாது.

இனி விபத்து. ஹைப்போகுளோரைட்டால் பிள்ளைகளுக்குக் கேடு வருவது அது ரசாயனம் என்பதால் அல்ல, போகக் கூடாத இடத்துக்குப் போனதால். பால்பல்லின் வேர் விழும் வயது நெருங்க நெருங்கக் கரைந்துகொண்டே வரும். கரைவது நுனியில் மட்டும் என்று நினைத்தால் தவறு. பெரும்பாலும் உள்பக்கச் சுவரில், நிரந்தரப் பல்லின் மொட்டை ஒட்டிக் கரையும். எக்ஸ்ரேயில் வேர் முழுசாகத் தெரியும். உண்மையில் பக்கத்தில் ஓட்டை விழுந்திருக்கும். அந்த ஓட்டை வழியாக அழுத்தத்தோடு திரவம் வெளியேறினால் நொடியில் பிள்ளை அலறும், குழாயிலிருந்து ரத்தம் வரும், சில நிமிடங்களில் கன்னம் புடைக்கும், மறுநாள் கண்ணுக்குக் கீழே கன்றிப் போகும்.

இதைத் தடுக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஃபைலே எக்ஸ்ரேயில் தெரியும் நுனிக்கு 2 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும். கழுவும் ஊசி அதற்கும் 1 முதல் 2 மி.மீ. மேலே. அந்த நீளத்தில் ஊசியில் ரப்பர் வளையம் மாட்டி அடையாளம் வைக்க வேண்டும். ஊசி 30 கேஜ் என்ற மெல்லிய அளவு, நுனி அடைத்துப் பக்கத்தில் துளை உள்ளது. நுனி திறந்த சாதாரண ஊசி போடும் ஊசியால் கழுவுவது, திரவத்தை நேராக வேருக்கு வெளியே பீய்ச்சுவதுதான். சிரிஞ்சு 3 அல்லது 5 மி.லி., ஊசியைத் திருகிப் பூட்டும் வகை. வெறுமனே செருகும் வகை அழுத்தத்தில் கழன்று கண்ணில் அடிக்கும். ஊசி குழாய்ச் சுவரில் இறுகாமல் மேலும் கீழுமாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தாமல் ஆட்காட்டி விரலால் அழுத்துவது நல்லது. கட்டைவிரலுக்கு எவ்வளவு பலம் போகிறது என்று நமக்கே தெரியாது. திரவம் பல்லின் வாய் வழியாகத் திரும்பி வருவது கண்ணால் தெரிய வேண்டும். வரவில்லை என்றால் அது வேறு வழியில் போகிறது, நிறுத்து என்று அர்த்தம்.

ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்டினால் திரவம் தொண்டைக்குப் போகாது, எச்சில் பல்லுக்குள் வராது. நம் பக்கம் இதை 'பிள்ளை ஒத்துக்காது' என்று சொல்லித் தவிர்ப்பது வழக்கமாகிவிட்டது. மரத்துப்போக ஊசி போட்ட நாலு வயதுப் பிள்ளை டேமை ஏற்றுக்கொள்ளும். மாட்டும் பொறுமைதான் வேண்டும். கூடவே கண்ணுக்குக் கண்ணாடி, சட்டைக்கு மேல் தடித்த துணி.

மீறி விபத்து நடந்தால்: உடனே நிறுத்தி உப்புநீரால் நிறையக் கழுவ வேண்டும். ரத்தமும் திரவமும் வழியட்டும், அடைக்கக் கூடாது. முதல் நாள் வெளியே ஐஸ் ஒத்தடம், அடுத்த நாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம், வலி மருந்து. நுண்ணுயிர்க்கொல்லி தேவையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம். மூச்சுத் திணறலோ கழுத்து வீக்கமோ என்றால் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அப்போதே கிளம்ப வேண்டும்.

சரி, மூலிகை. கட்டுரை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலா, வேம்பு, பச்சைத் தேயிலை, மஞ்சள், நோனி, தேனீப் பிசின் எல்லாமே வேர்க்குழாய்க் கிருமிகளுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டவைதான். எண்டிரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற, வேர்க்குழாயில் எளிதில் சாகாத கிருமியைத் திரிபலா குறைக்கிறது. நெல்லிக்காயின் புளிப்பு, பல்லின் சுவரில் படியும் பிசுக்குப் படலத்தை ஓரளவு எடுக்கவும் உதவும். இவை ஆய்வகத்தில் கண்டவை.

ஆனால் ஆய்வகத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிடுங்கிய பல்லை வெட்டி, ஒரே ஒரு கிருமியை அதில் வளர்த்து, சாற்றில் பல நிமிடம் ஊறப்போட்டுப் பார்ப்பதுதான் இதில் பெரும்பாலான சோதனைகளின் முறை. பிள்ளையின் வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் சேர்ந்து வாழ்கின்றன. ஒவ்வொரு குழாயிலும் பத்து நிமிடம் ஊறவைக்க அந்த வயதுப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு இருக்காது. 2010-ல் வெளிவந்த ஒரு பெயர்பெற்ற ஆய்வில் திரிபலாவையும் பச்சைத் தேயிலைச் சத்தையும் வெறும் தண்ணீரில் கரைக்கவில்லை. 10 சதவீத டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்தார்கள். இயற்கை என்று நாம் கொண்டாடும் முடிவுக்குள் ஒரு ரசாயனக் கரைப்பான் உட்கார்ந்திருக்கிறது! அதே ஆய்விலும் முன்னுக்கு வந்தது 5 சதவீத ஹைப்போகுளோரைட்தான்.

பிள்ளைகளிடம் நேரடியாகச் செய்த சோதனைகள் சிறியவை. கழுவிய கையோடு காகிதக் குச்சியால் உறிஞ்சி எடுத்துக் கிருமியை எண்ணிவிட்டு 'சமம்' என்று முடிப்பவை பல. பெற்றோருக்கு வேண்டியது அந்த எண்ணிக்கை அல்ல. ஒரு வருடம் கழித்து அந்தப் பல் வலியில்லாமல், ஈறில் கொப்புளம் இல்லாமல், எக்ஸ்ரேயில் எலும்பு நிறைந்து நிற்கிறதா என்பதுதான் வேண்டும்.

கஷாயத்தில் இன்னும் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை வீரியம் மாறும். 1 சதவீதம் என்பது போல அளந்து சொல்ல வழியில்லை. காய்ச்சி ஆறிய கஷாயத்தில் சில மணி நேரத்தில் கிருமி வளரத் தொடங்கும். கிருமி நீக்கப்போய்க் கிருமியை உள்ளே விடுவதாக முடியும். வடிகட்டியதிலும் மிஞ்சும் நுண்தூள் 30 கேஜ் ஊசியையும் குழாயையும் அடைக்கும். கடுக்காயின் துவர்ப்புப் பல்லைக் கறுக்க வைக்கும். துணிக்குச் சாயம் ஏறக் கடுக்காய் போடுவதும் அந்தத் துவர்ப்புக்காகவே. எல்லாவற்றுக்கும் மேலாக, செத்த சதையை அது கரைக்காது.

"அப்படியென்றால் ரெண்டையும் போடலாமே" என்கிறார்கள். இதுதான் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். திரிபலா, எலுமிச்சை, சிட்ரிக் அமிலம் எல்லாம் புளிப்பு. புளிப்பு ஹைப்போகுளோரைட்டைத் தொட்டால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டின் வேலையும் கெடும். ஹைப்போகுளோரைட் குளோர்ஹெக்சிடினோடு கலந்தால் செம்பழுப்பாக ஒரு படிவு உண்டாகி இடுக்கை அடைக்கும், பல்லின் நிறத்தையும் கெடுக்கும். பழைய பழக்கமாக ஹைட்ரஜன் பெராக்சைடை மாற்றி மாற்றி விட்டால் நுரைத்துப் பொங்கி, காற்று திசுவுக்குள் ஏறும். எதற்குப் பின் எதை விட்டாலும் நடுவில் உப்புநீரால் கழுவி, காகிதக் குச்சியால் உலர்த்திய பிறகே விட வேண்டும்.

இயற்கை என்றாலே தீங்கில்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே மறுப்பு விளைகிறது. மாறாமலையிலும் வெள்ளிமலையிலும் காய்க்கும் கராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமை. அதன் எண்ணெயில் இருப்பது யூஜினால். துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்துத்தான் பல் மருத்துவர்கள் காலங்காலமாக வேர்க்குழாயை அடைத்து வந்தார்கள். அதே யூஜினால் நேராகப் பட்டால் ஈறை வேகவைக்கும். 5 முதல் 10 மி.லி. கராம்பு எண்ணெய் குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தை கல்லீரல் கெட்டு நினைவிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வேப்பெண்ணெய் கொடுத்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்ததும் பதிவில் உண்டு. துத்தநாக யூஜினால் கலவைக்கு இன்னொரு குறை: பால்வேர் கரையும் வேகத்துக்கு அது கரையாது, துணுக்கு மிஞ்சி முளைக்கும் பல்லை ஒதுக்கிவிடலாம். அதனால்தான் இப்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் சேர்ந்த பசையைப் பலரும் விரும்புகிறோம். அது வேரோடு சேர்ந்து கரைந்துவிடும்.

எந்தத் திரவத்தில் கழுவினாலும் மேலே உறை சரியில்லை என்றால் எல்லாம் வீண். வேர் அடைத்த பால் கடைவாய்ப்பல்லுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை போட வேண்டும். 'விழப் போற பல்லுக்கு எதுக்கு டாக்டர் தொப்பி' என்று அதைத் தவிர்த்து, சிமெண்டை மட்டும் வைத்து அனுப்பினால் ஓரம் கசிந்து, சில மாதத்தில் மறுபடி சீழ். இரண்டாம் பால் கடைவாய்ப்பல் விழுவது 10 முதல் 12 வயதில்தான். அதற்கு முன் பிடுங்கிவிட்டால் ஆறு வயதில் பின்னால் முளைத்த நிரந்தரப் பல் முன்னே சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். (அந்த ஆறு வயதுப் பல்லைப் பால்பல் என்று நினைத்துச் சொத்தையோடு விட்டுவிடுவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய நஷ்டம். எந்தப் பல்லும் விழாமல் பின்னால் முளைப்பதால் யாரும் கவனிப்பதில்லை.) அதேசமயம் எல்லாப் பால்பல்லையும் காப்பாற்ற முயல்வதும் சரியல்ல. வேர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தால், பல்லறைத் தரையில் ஓட்டை விழுந்திருந்தால், உறை மாட்டப் பல்லே மிச்சமில்லை என்றால், பிடுங்கிவிட்டு இடம் காக்கும் கம்பி வைப்பதே நல்லது. பிறவி இதயக் கோளாறோ நோயெதிர்ப்புக் குறைவோ உள்ள பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் அதுதான்.

மூலிகைக்கு இடமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. நன்றாகக் கொப்பளித்துத் துப்பத் தெரிந்த, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் திரிபலா வாய்க்கழுவல் நல்லது: ஒரு தேக்கரண்டிப் பொடியை 200 மி.லி. தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டவைத்து, துணியில் வடிகட்டி, அன்றே பயன்படுத்திவிட வேண்டும். பல் துலக்குவதற்கு அது மாற்றாகாது. வேர்க்குழாய்க்குள் விடும் அளவுக்கு அதைக் கொண்டுவர வேண்டுமானால் செய்ய நம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது? கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி, குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி. மூன்றும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள். வீரியம் அளந்து, கிருமி நீக்கி, புட்டியில் அடைத்த ஒரு சாறு. இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்த ஒரு சோதனை. உறை மாட்டிய பல்லை இரண்டு வருடம் எக்ஸ்ரேயோடு பின்தொடர்ந்த கணக்கு. அது வரட்டும், வாங்கி வைக்க நாங்கள் தயார். வரும்வரை பிள்ளையின் பல்லைச் சோதனைக் குழாயாக்க மாட்டோம்.

பெற்றோர் சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் 'இயற்கையா, ரசாயனமா' என்று கேட்பதை விட்டு, இவற்றைக் கேட்கட்டும்: எத்தனை சதவீதம், எப்போது கலந்தது? ரப்பர் டேம் உண்டா? ஊசி பக்கத்துளை உள்ளதா? எக்ஸ்ரேயில் வேர் எவ்வளவு கரைந்திருக்கிறது? உறை எப்போது? கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் அவசரப்பட்டுப் பிள்ளையை நாற்காலியில் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'இரவில் பல் வலித்தால் பஞ்சில் கராம்பு எண்ணெய் நனைத்துச் சொத்தைக்குள் வைத்து அடைத்துவிடுங்கள்' என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அதற்குத் திருத்தம் வெளியிடக் கோருகிறோம். நரம்பு வெளியே தெரியும் சொத்தையில் எண்ணெய்ப் பஞ்சை அடைத்தால் சீழ் வெளியேற வழியில்லாமல் விடிவதற்குள் கன்னம் வீங்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்து, சொத்தையில் சிக்கிய உணவை மெதுவாக எடுத்துவிட்டு, பாராசிட்டமால் சிரப்பைப் பிள்ளையின் எடைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவில் கொடுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். புட்டிக்குப் புட்டி வீரியம் வேறு: 5 மி.லி.யில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சீட்டைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்க வேண்டாம், புண்ணாகும். காய்ச்சலோ கன்ன வீக்கமோ சேர்ந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தைகள் பல் மருத்துவர்கள் சிலர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.